கீமோவின் கணக்கும் காய்ச்சலின் கடிகாரமும்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இரத்தப் புற்றுநோய்க்குத்தான். அதிலும் வார்டில் ‘ஏ.எல்.எல்.’ என்று சுருக்கிச் சொல்லும் வகையே பெரும்பான்மை. வசதியான நாடுகளில் இந்த நோய் வந்த பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைத்துவிடுகிறார்கள். எந்த வாரம் எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் அச்சிட்ட நெறிமுறையாகவே கிடைக்கிறது. அப்படியிருக்க, குழந்தை மருத்துவத்தில் எம்.டி. முடித்த ஒருவர் நுழைவுத் தேர்வு எழுதி, குழந்தைகளின் இரத்த நோய், புற்றுநோய்த் துறையில் இன்னும் மூன்று ஆண்டுகள் டி.எம். எதற்குப் படிக்க வேண்டும்? தாளைப் பார்த்து மருந்து எழுதினால் போதாதா?

போதாது. நம் ஊர் நிலைமையில் இந்தக் குழந்தைகளை இழப்பது நோயால் மட்டும் அல்ல. சிகிச்சையின் நடுவில் வரும் தொற்றாலும், பாதியிலேயே நின்றுபோகும் சிகிச்சையாலும் இழக்கிறோம். பயிற்சி மருத்துவரின் பொழுதில் பெரும்பகுதி இந்த இரண்டோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது.

காலை வேலை தராசில் தொடங்கும். ஒவ்வொரு சுற்று கீமோவுக்கும் முன்னால் உயரமும் எடையும் புதிதாக அளக்க வேண்டும். இரண்டையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடற்பரப்பு கிடைக்கும். 110 செ.மீ. உயரமும் 18 கிலோ எடையும் உள்ள குழந்தைக்கு அது 0.74 சதுர மீட்டர். வின்கிறிஸ்டின் சதுர மீட்டருக்கு 1.5 மி.கி. என்பதால் இந்தக் குழந்தைக்குச் சுமார் 1.1 மி.கி. வரும். ஆனால் முதுகெலும்பு வழியாகத் தண்டுவட நீரில் செலுத்தும் மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. மூன்று வயதுக்குள்ளாகவே குழந்தையின் தண்டுவட நீர் பெரியவர்களின் அளவை நெருங்கிவிடுவதால், அங்கே வயதுதான் கணக்கு.

அந்த முதுகு ஊசிக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வின்கிறிஸ்டின் இரத்தக் குழாயில் ஏறினால் மருந்து; தவறிப்போய் முதுகுத்தண்டில் ஏறினால் அநேகமாக மரணம். உலகின் பல நாடுகளில் இந்தத் தவறு நடந்திருக்கிறது. அதனால்தான் வின்கிறிஸ்டினைச் சிரிஞ்சில் ஏற்றித் தராமல் சிறிய உப்புநீர்ப் பையில் கலந்து ட்ரிப்பாகக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பையை யாரும் முதுகு ஊசியில் மாட்டப் போவதில்லை. பெயரையும் மருந்தையும் இருவர் உரக்கப் படித்துச் சரிபார்ப்பதைச் சடங்கு என்று நினைக்கும் புதியவருக்கு, மூத்த நர்ஸ் ஒருவரின் முறைப்பே முதல் பாடமாகிவிடும்.

நோய் தெரிந்தவுடன் போடும் முதல் முதுகு ஊசியைப் பொதுவாகப் புதியவர் கையில் கொடுப்பதில்லை. அப்போது இரத்தம் முழுக்கப் புற்றணுக்கள். ஊசி தடுமாறி இரத்தம் கசிந்தால் அவை தண்டுவட நீருக்குள் போய்ச் சேரும்; நோய் மூளைப் பக்கம் திரும்பி வரும் ஆபத்து கூடும். பிளேட்லெட்டை ஏற்றிவிட்டு, கைதேர்ந்தவரே அதைப் போடுவார். பயிற்சி மருத்துவர் குழந்தையைச் சுருட்டிப் பிடிப்பார். நல்ல ஊசிக்குப் பாதிக் காரணம் அந்தப் பிடிதான்.

இந்த மெத்தோட்ரெக்ஸேட்டின் பூர்வீகத்தில் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 1948-ல் வெளியிட்ட கட்டுரைதான், இரத்தப் புற்றுநோயை மருந்தால் தற்காலிகமாகவேனும் பின்வாங்கச் செய்யலாம் என்று காட்டியது. அவர் பயன்படுத்திய அமினோப்டெரினைத் தயாரித்தது லெடர்லி நிறுவனத்தில் யெல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. சுப்பாராவ் படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். ஃபார்பரின் கட்டுரை வந்த அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் இறந்துபோனார். மெத்தோட்ரெக்ஸேட் அந்த மருந்தின் நெருங்கிய உறவு. இந்தக் கதை நம் வகுப்பறைகளில் இன்னும் கொஞ்சம் உரக்கவே சொல்லப்படலாம்.

இரவு டூட்டியில் ஆட்சி செய்வது காய்ச்சல். கீமோ முடிந்த சில நாட்களில் வெள்ளணுக்கள் விழும். அவற்றில் கிருமியை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போய்விட்டால், சாதாரணமாகத் தெரியும் காய்ச்சலும் சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடும். குழந்தை வாசலுக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் உள்ளே போயிருக்க வேண்டும். இரத்தக் கல்ச்சரை உடனே எடுக்கலாம். அதன் முடிவுக்காகக் காத்திருக்க முடியாது. ‘கவுண்ட் ஏறிடுச்சா சார்?’ என்று அம்மாக்கள் தினமும் கேட்பது இந்த எண்ணைத்தான். ஒரு மாதத்தில் அவர்களுக்கு ஏ.என்.சி. எனப்படும் இந்த நியூட்ரோஃபில் எண்ணிக்கை என்றால் என்னவென்று எம்.பி.பி.எஸ். மாணவரைவிடத் தெளிவாகத் தெரிந்துவிடும்.

சிகிச்சையின் முதல் மாதத்தில் கொடுக்கும் ஸ்டீராய்டு தூண்டும் பசி தனிக் கதை. நள்ளிரவில் பிரியாணி கேட்டு அழும் நாலு வயதுக் குழந்தைக்கும், எங்கே போவேன் என்று நிற்கும் அப்பாவுக்கும் நடுவில் மத்தியஸ்தம் பண்ணுவது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

அதே ஸ்டீராய்டு அவசரப்பட்டுக் கொடுத்தால் ஆளையே ஏமாற்றும். மூட்டுவலி, காய்ச்சல், வெளிறிய முகம் என்று வரும் குழந்தைக்கு வாதக் காய்ச்சல் என்று நினைத்துக் கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் இரத்தப் புற்றுநோய் சில வாரங்களுக்குத் தலைமறைவாகி, நோயறிதலையே குழப்பிவிடும். ஆகவே இரத்தத் தடவலைத் தன் கண்ணால் நுண்ணோக்கியில் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். ஆய்வக அறிக்கை வரும்வரை காத்திருப்பவர் இந்தத் துறையில் பாதி மருத்துவர்.

புற்றுநோய் அல்லாத இரத்த நோய்கள் வேறு விதமான பொறுமையைக் கேட்கின்றன. உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகளோடும், பத்தாயிரத்துக்கும் கீழே போன பிளேட்லெட்டோடும் ஓடியாடி விளையாடும் குழந்தைக்கு ஐ.டி.பி. என்ற பிளேட்லெட் குறைவு நோய் இருக்கலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். பெரிய இரத்தக்கசிவு இல்லையென்றால், பெற்றோருக்குத் தைரியம் சொல்லி, ஒன்றும் செய்யாமல் கவனித்திருப்பதே சிகிச்சை. இளம் மருத்துவருக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. தலசீமியா குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பையிலும் 200 மி.கி.க்கு மேல் இரும்பு உடலில் சேர்கிறது. அதை வெளியேற்ற மாத்திரை, நிரந்தரத் தீர்வுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று. வேலூர் சி.எம்.சி.யில் மஜ்ஜை மாற்று 1986-லேயே தொடங்கிவிட்டது. அரிவாள் செல் சோகையை இந்தியாவில் முதலில் பதிவு செய்ததும் இந்தப் பக்கம்தான்: 1952-ல், நீலகிரிப் பழங்குடியினரிடம்.

சிகிச்சையைப் பாதியில் விடுவதற்கு வருவோம். ஏ.எல்.எல். சிகிச்சை இரண்டு, இரண்டரை ஆண்டுகள் நீளும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்கலாம். அப்பாவின் கூலியையும், ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த மூத்த பிள்ளையின் படிப்பையும் அது தாங்காது. ‘எத்தனை பஸ் மாறி வர்றீங்கம்மா? ராத்திரி காய்ச்சல் வந்தா வண்டி கிடைக்குமா?’ என்ற கேள்விகளை மருந்துச் சீட்டுக்கு முன்னால் கேட்டாக வேண்டும். காய்ச்சலென்றால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள் என்று ஒவ்வொரு டிஸ்சார்ஜின்போதும் சொல்ல வேண்டும். அருகிலுள்ள ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஒரு கடிதமும் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

சிகிச்சையை விட்டுவிடும் ஆபத்து, குழந்தை நன்றாகத் தேறியபிறகும் இருக்கிறது. முடி வளர்ந்து, பள்ளிக்கும் போய்க்கொண்டிருக்கும்போது, தினம் ஒரு மாத்திரை எதற்கு என்று வீட்டில் தோன்றும். இந்தப் பராமரிப்புக் கட்டத்தில் மெர்காப்டோப்யூரின் மாத்திரைகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் விடுபட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. அந்த மாத்திரை 50 மி.கி. மேலே சொன்ன 18 கிலோ குழந்தைக்குச் சதுர மீட்டருக்கு 60 மி.கி. என்று தொடங்கினால், வாரத்தில் ஐந்து நாள் முழு மாத்திரை, இரண்டு நாள் அரை மாத்திரை. இதைக் கிழமை வாரியாகக் கட்டம் போட்டுத் தமிழில் எழுதித் தருவது பயிற்சி மருத்துவரின் வேலை. ஆசியக் குழந்தைகள் பலருக்கு ‘நுட்-15’ என்ற மரபணுவில் உள்ள மாற்றத்தால் இந்த அளவு தாங்காது. கவுண்ட் மடமடவென்று விழும். அப்போது பழைய தாளை வாங்கிக்கொண்டு, பாதி அளவில் புதிய கட்டம் போட்டு, அம்மாவையே ஒருமுறை படித்துக்காட்டச் சொல்லி அனுப்ப வேண்டும்.