கர்ப்பிணித் தாய்மாரும் வீட்டுப் பெயின்ற் வேலையும்

பிள்ளை பிறக்கமுன் பெரிய வீட்டுக்கு மாறுவதும், மாறும்போது பெயின்ற் அடிப்பதும் எசனில் எம்மவர் குடும்பங்களில் வழமை. அவ்வேளையில் கர்ப்பிணி தூரிகையைத் தொடலாமா?

சுவருக்கு அடிக்கும் பெயின்ற் பெரும்பாலும் தண்ணீரில் கரைத்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது கதவு, யன்னல், ஹைசுங் ஆகியவற்றுக்குப் பூசும் "லக்". ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 2010 முதல் மினுக்கமில்லாத உட்சுவர்ப் பெயின்றில் ஆவியாகும் இரசாயனங்கள் லீற்றருக்கு 30 கிராம் வரையே இருக்கலாம். கரைப்பான் சேர்ந்த லக்குக்கு 300 கிராம் வரை அனுமதி உண்டு. இந்த அளவு பேணியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வாங்குமுன் வாசியுங்கள். "பிளவ்வர் எங்கல்" என்ற நீல வட்ட முத்திரை உள்ள சுவர்ப் பெயின்ற் இன்னும் நல்லது.

லக், தின்னர் ஆவி மூச்சுடன் தாயின் இரத்தத்தில் கலந்து சிசுவையும் அடையக்கூடும். மணம் குறைவு என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணவேண்டாம். சிசுவின் அவயவங்கள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் இவ்வேலையை முற்றாக மற்றவர்களிடம் விடுங்கள். பின்னர் சுவருக்கு அடிப்பதானாலும் யன்னலைத் திறந்து வைத்து, சிறிது நேரம் மட்டும், ஏணியில் ஏறாமல் செய்யுங்கள். குளிருக்குப் பயந்து யன்னலைப் பூட்டிக்கொண்டு அடிப்பது எங்கள் ஆட்களின் பழக்கம்!

பழைய கட்டடங்களில் கதவு, யன்னல்களின் அடிப்பூச்சில் ஈயம் இருக்கலாம். அதைச் சுரண்டித் தேய்க்கும்போது எழும் தூசு சிசுவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே ஈரத்துணியால் துடைத்து முடியும்வரை கர்ப்பிணி அந்த வீட்டில் இருக்கக்கூடாது.

கர்ப்பம் என்று தெரியுமுன் ஓர் அறைக்குச் சுவர்ப் பெயின்ற் அடித்துவிட்டேன் என்று கலங்குவோர் உண்டு. ஒருநாள் வேலையால் பிள்ளைக்குத் தீங்கு வர வாய்ப்பு மிகக் குறைவு. வைத்தியரிடமோ, ஹெபாமே எனப்படும் மருத்துவிச்சியிடமோ சொல்லிவையுங்கள்.

விட்டுப்போகும் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கத்தான் வேண்டுமா என்பதையும் முதலில் பாருங்கள். பெயின்ற் அடிக்காத வீட்டை எவ்வித ஈடுமின்றிப் பெற்றவரை ஒப்பந்தத்தைக் காட்டி அடிக்கும்படி கேட்கமுடியாது என்று ஜேர்மன் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

வேலையின்போது தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் வந்தால் உடனே வெளியே காற்றுக்கு வாருங்கள். குறையாவிட்டால் வைத்தியரை நாடுங்கள். பொன் நகர நச்சுத் தகவல் நிலையத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்: 0228 19240. மயக்கம் வந்தால் 112.