கணினியும் காவிரியும் – 14: கடைமடையில் காய்ச்சல்

எழுதுவதெல்லாம் மூலத் தரவுத்தளத்தில், படிப்பது நகல்களில், மூலத்தில் விழும் ஒவ்வொரு மாற்றமும் நகலுக்கு ஓடி வரும். சென்ற வாரம் இதுவரை பார்த்தோம். இந்த வாரம் இன்டெக்ஸ் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கிளவுடில் ஓடும் ஒரு நகலின் செயலி (சிபியு) தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டிக் கொதிக்கிறது. மூலமோ சாவகாசமாக இருக்கிறது. நோய் எங்கே?

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இது வெறும் பொறியாளர் கேள்வி இல்லை. சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்யக் கடைசி நாள் பொதுவாக நவம்பர் 15. 2023இல் அது 22ஆம் தேதி வரையும், 2024இல் 30ஆம் தேதி வரையும் நீட்டிக்கப்பட்டது. கடைசி மூன்று நாட்களில் ஒரத்தநாட்டிலும் பட்டுக்கோட்டையிலும் மன்னார்குடியிலும் இ-சேவை மையங்களின் வாசலில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தோடு ஆட்கள் நிற்பார்கள். அங்கே அடிக்கடி கேட்கும் சொல் ‘சர்வர் டவுன்’. நேற்று வரை நன்றாக ஓடியது இன்று திடீரென்று ஏன் படுத்துக்கொண்டது என்ற கேள்விக்கு வரிசைக் கணக்கில் விடை இருக்கிறது. ஒரே ஒரு கவுன்டர் உள்ள எளிய வரிசையில், கவுன்டர் பாதி நேரம் வேலையாக இருந்தால் ஒரு வேலை முடிய அதன் இயல்பான நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஆகும். தொண்ணூறு சதவீதத்தில் பத்து மடங்கு. தொண்ணூற்றைந்தில் இருபது மடங்கு. ஐந்து சதவீதம் கூடியதற்குக் காத்திருப்பு இரட்டிப்பாகிறது. திரை நகரவில்லை என்று மறுபடியும் பொத்தானை அழுத்துகிறார்கள். பழைய குவெரி, அதாவது தரவுத்தளத்திடம் முன்பு கேட்ட கேள்வி, ரத்தாகாமல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தால் இப்போது அதே வேலை இரண்டு. இப்படித்தான் சுமை தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது.

மூலத்தை ஆற்றின் தலைப்பு என்றும், நகலை வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை என்றும் நான் நினைத்துப் பார்க்கிறேன். கடைமடையில் வயல் காய்ந்தால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அந்த வயலே அதிகம் குடித்திருக்கலாம், வாய்க்கால் தூர்ந்திருக்கலாம், தலைப்பில் யாரோ மடையை அடைத்திருக்கலாம். நகலின் செயலிக்கும் இதே மூன்றுதான். ஒன்று, அதன்மேல் ஓடும் படிப்பு வேலை. இரண்டு, மூலத்திலிருந்து வரும் மாற்றங்களைத் தன்னிடம் திரும்பச் செய்யும் வேலை. மூன்று, ஏதோ ஒரு பூட்டுக்காகக் காத்துக்கிடந்து, காத்திருப்பதற்கே செலவாகும் உழைப்பு. செயலி மீட்டர் இந்த மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டுகிறது. அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துப் பெரிய இயந்திரம் வாங்குவதும், இன்னொரு நகலைச் சேர்ப்பதும் பெரும்பாலான குழுக்களின் முதல் வேலையாக இருக்கிறது. முதலில் கேட்கவேண்டியது, இது யாருடைய வேலை என்பதைத்தான். பல சமயம் விடை தலைப்பில் இருக்கும் என்பதே இந்த வாரத்தின் வாதம்.

சென்னையில் வளர்ந்த ஃபிரெஷ்டெஸ்க்கின் பாதை இதற்கு நல்ல சான்று. ஒரு காலத்தில் வாரத்துக்கு 20 லட்சமாக இருந்த தன் கோரிக்கைகள் 6.5 கோடியாக ஏறியதை அந்த நிறுவனமே எழுதியிருக்கிறது. முதலில் பெரிய இயந்திரத்துக்கு மாறினார்கள். பிறகு படிப்பை நகல்களுக்குப் பிரித்தார்கள். கேஷும் அட்டவணைகளைப் பகுதிகளாக உடைப்பதும் வந்தன. கடைசியில் தரவையே பல துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனிச் சர்வர்களில் வைக்கவேண்டி வந்தது. காரணம் எளிது. நகல் சேர்த்தால் படிப்பு பங்கிடப்படும், எழுத்து பங்கிடப்படாது. ஐந்து நகல்கள் இருந்தால் ஒவ்வொரு எழுத்தையும் ஐந்தும் முழுதாகச் செய்தாக வேண்டும். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளில், மூலத்தில் நூறு பேர் ஒரே நேரத்தில் எழுதலாம். நகலில் அவற்றைத் திரும்பச் செய்வது ஒரே ஒரு ப்ராசஸ். பதினாறு கோர் கொண்ட நகலில் அந்த ஒரு கோர் மூச்சுமுட்டி நின்றாலும் மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதமாகத்தான் தெரியும். மீட்டர் குறைவாகக் காட்டும்போதும் நகல் பின்தங்கிப்போவது இதனால்தான்.

எழுத்தின் சுமை மூலத்தைவிட நகலில் பன்மடங்காகும் விசித்திரமும் உண்டு. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில், வரிசையை அடையாளம் காட்டும் பிரைமரி கீயோ வேறு இன்டெக்ஸோ இல்லாத அட்டவணை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூலத்தில் யாரோ ஒரே கட்டளையில் ஒரு லட்சம் வரிசைகளை அழிக்கிறார்கள். மூலம் அட்டவணையை ஒருமுறை முழுக்கப் புரட்டி வேலையை முடித்துவிடும். மாற்றங்கள் வரிசை வரிசையாக அனுப்பப்படும் முறையில், நகலுக்கு வருவது ‘இந்த வரிசையை அழி’ என்ற ஒரு லட்சம் தனி உத்தரவுகள். எந்த வரிசை என்று சுட்ட அடையாளம் இல்லாததால் நகல் ஒவ்வொன்றுக்கும் அட்டவணையைத் தேடத் தொடங்கலாம். தலைப்பில் ஒரு புரட்டல், கடைமடையில் ஆயிரக்கணக்கில். நகலில் ஓடும் குவெரிகளை இரவு முழுக்கத் துருவினாலும் குற்றவாளி அங்கே அகப்பட மாட்டார். பயனாளர் குவெரி எதுவுமே இல்லாமல்கூடச் செயலி கொதிக்கும். மருந்து மூலத்தில், அந்த அட்டவணைக்குப் பிரைமரி கீ கொடுப்பதில் இருக்கிறது.

மூன்றாம் வகையான காத்திருப்புக்கு வருவோம். இந்த வாரம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இதுதான். நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனம் 2018 முதல் கூகுள் கிளவுடில் இயங்குகிறது. 2021இல் அதன் போஸ்ட்கிரஸ் நகல்கள் அவ்வப்போது திடீரென்று திணறின. சில நிமிடங்களில் தானாகச் சரியாகின. மூலத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. தலைகாட்டிவிட்டு மறைந்ததால் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரிப் பூதத்தின் செல்லப்பெயரான ‘நெஸ்ஸி’யையே அதற்கு வைத்தார்கள். கனமான குவெரி இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. கூட்டம் கூடியதா, இல்லை. கடைசியில் ஒவ்வொரு ப்ராசஸும் எதற்காகக் காத்திருக்கிறது என்ற பதிவைப் பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது. எல்லாமே ஒரே ஒரு சின்ன நினைவகப் பகுதியின் வாசலில் நின்றன.

அந்தப் பகுதி எதற்கு? ஒரு பரிவர்த்தனைக்கு நடுவே ‘இதுவரை செய்தது இருக்கட்டும், இனிமேல் தவறினால் இங்கே திரும்பலாம்’ என்று குறி வைப்பதற்கு சேவ்பாயின்ட் என்று பெயர். அப்படி வைத்தபின் நடக்கும் எழுத்துக்குத் தனி எண் கிடைக்கும். அது தாய்ப் பரிவர்த்தனையின் பிள்ளை. எந்தப் பிள்ளைக்கு யார் தாய் என்ற பதிவேட்டுக்கு அன்றைய போஸ்ட்கிரஸ் ஒதுக்கியிருந்த இடம் 32 பக்கங்கள். பக்கத்துக்கு 8 கிலோபைட், ஒரு எண்ணுக்கு நான்கு பைட், ஆகப் பக்கத்துக்கு 2,048 எண்கள், மொத்தம் 65,536. சாதாரண நாளில் இது தாராளம். ஆனால் மூலத்தில் ஒரு பரிவர்த்தனை முடியாமல் நீண்டுகொண்டே போனால், அது தொடங்கிய நொடிமுதல் பிறந்த எண்களையெல்லாம் நகல் கணக்கில் வைத்திருக்க வேண்டும். அந்த நீளம் 65,536ஐத் தாண்டினால் பக்கங்களை மாற்றி மாற்றி எடுத்துவைக்க வேண்டும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பூட்டு, பூட்டுக்கு வரிசை. மூலம் ஏன் தப்பியது? யார் யார் வேலையில் இருக்கிறார்கள் என்பது மூலத்துக்கு நேரடியாகத் தெரியும். ஒவ்வொரு இணைப்புக்கும் 64 பிள்ளைகள் வரை கையிலேயே குறித்து வைத்திருக்கும். நகலுக்கு அந்த நேரடித் தகவல் இல்லை. ஓடிவரும் மாற்றங்களிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டும். நீண்ட பரிவர்த்தனை ஒன்று தலைப்பில் திறந்திருக்கும்போது சேவ்பாயின்ட் ஒன்றே ஒன்று போதும், கடைமடை முழுக்கத் திணறும்.

இந்த விவரம் என்னை இவ்வளவு ஈர்ப்பதற்குக் காரணம் அதன் அளவு. 32 பக்கங்கள் என்றால் 256 கிலோபைட். கைப்பேசிப் படம் ஒன்றைவிடச் சிறியது. இயந்திரத்தின் நினைவகத்தை இரட்டித்தாலும், கோர்களை நான்கு மடங்காக்கினாலும் அந்த 256 கிலோபைட் அப்படியேதான் இருந்திருக்கும். இன்னும் சொன்னால், கோர் கூடக்கூட அந்த வாசலில் முட்டுபவர்களும் கூடுவார்கள். புதிய நகல்களைச் சேர்த்திருந்தால் அவையும் அதே மூலத்திலிருந்து அதே நோயை வாங்கியிருக்கும். கிட்லேப் குழு தங்கள் நிரலிலிருந்தே சேவ்பாயின்ட்டுகளைத் தேடித் தேடி நீக்கியது. நெஸ்ஸி அடங்கியது. 2024இல் வந்த போஸ்ட்கிரஸ் 17இல் அந்த இடத்தின் அளவை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

இந்த முறையில் யோசித்தவர்கள் நம் ஆற்றிலேயே இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. குறை தெரிந்தது வயலில்; காரணம் இருந்தது முக்கொம்பில். அங்கே பிரியும் கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், காவிரித் தலைப்போ மணலால் மேடாகிக்கொண்டிருந்தது. தண்ணீர் சரிவைத் தேடிப் போனது. கீழே எத்தனை வாய்க்கால் வெட்டினாலும் அது தீராது என்று கண்ட பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். அதன் பின்கதையும் நம் வாதத்துக்கு வேண்டும். மேலணை எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்து காவிரிக்குள் அளவுக்கு மீறி நீர் பாய, 1845இல் காவிரித் தலைப்பிலும் அதைக் கட்டுப்படுத்த ஓர் அணை போட வேண்டியதாயிற்று. தலைப்பில் கைவைத்தால் கடைமடை வரை எல்லாமே மாறும். எனவே ஒரு மாற்றம், பிறகு அளந்து பார்த்தல், பிறகுதான் அடுத்த மாற்றம். ஐந்து அமைப்புகளை ஒரே இரவில் மாற்றிவிட்டு எது பலித்தது என்று தெரியாமல் நிற்கும் குழுக்களுக்கு மேலணையின் இந்த ஒன்பதாண்டுக் கதை பாடமாகும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, பெரும்பாலான கொதிப்புக்குக் காரணம் நகலிலேயே ஓடும் ஒரு மோசமான குவெரிதானே, மூலத்தை ஏன் இழுக்கிறாய் என்பது. எண்ணிக்கையில் அதுவே அதிகம் என்பதை ஏற்கிறேன். மாதக் கடைசி அறிக்கையை நகலில் ஓட்டி மற்றவர்களைப் பட்டினி போடுவது எல்லா அலுவலகங்களிலும் நடப்பது. அதனால்தான் முதல் சோதனை, அதிக நேரம் தின்னும் குவெரிகளின் பட்டியல். ஆனால் அந்தக் குவெரியும் நகலில் தனியாகத் தீர்வதில்லை. போஸ்ட்கிரஸ் போன்ற அமைப்புகளில் நகலில் இன்டெக்ஸ் மட்டும் தனியாகக் கட்ட முடியாது. மூலத்தில் கட்டினால்தான் நகலுக்கு வரும். மறுபக்கமும் பாருங்கள். நகலில் நீளும் குவெரி ரத்தாகாமல் இருக்க மூலத்துக்குத் தகவல் சொல்லும் வசதியைத் திறந்துவிட்டால், மூலம் பழைய வரிசைகளைப் பெருக்கித் தள்ள முடியாமல் அட்டவணை உப்பத் தொடங்கும். கடைமடையும் தலைப்பும் ஒரே ஆறு.

இரண்டாவது மறுப்புக்கு வலு அதிகம். நவம்பர் 14 இரவில் வாசலில் ஆட்கள் நிற்கும்போது ஆராய்ச்சி செய்ய ஏது நேரம், ஒரு நகலைச் சேர்த்துவிட்டுப் போ என்பது. மனிதர்கள் காத்திருக்கும்போது முதலுதவி தவறே இல்லை. ஆனால் முதலுதவியிலும் முறை உண்டு. புதிதாகப் பிறக்கும் நகலின் நினைவகம் காலியாக இருக்கும். முதல் சில நிமிடங்கள் ஒவ்வொரு பக்கத்தையும் டிஸ்கிலிருந்து இழுத்துக்கொண்டு பழையதைவிட மெதுவாகத்தான் ஓடும். கூட்டம் வரும் தேதி டெல்டாவில் யாருக்கும் ரகசியம் இல்லை. நகலை 10ஆம் தேதியே சேர்த்துப் பழக்கிவைக்கலாம். சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் முன், ஓடும் குவெரிகள் எவை, எதற்காகக் காத்திருக்கின்றன, மூலத்தில் நீண்டு திறந்திருக்கும் பரிவர்த்தனை எது என்ற மூன்று பட்டியல்களை எடுத்து வைக்க ஒரு நிமிடம் போதும். ரீஸ்டார்ட் செய்தால் சூடு தணியும், தடயமும் அழியும். அப்புறம் அடுத்த நவம்பரில் அதே இடத்தில் அதே ஆட்கள் நிற்பார்கள். வரிசையில் ஒரு நாளை இழப்பவர் கூலியாளையும் நடவையும் விட்டு வந்தவர் என்பதால், அந்த ஒரு நிமிடத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்டெக்ஸ் இந்த வாரமும் தள்ளிப்போய்விட்டது; நெஸ்ஸிக்கு இவ்வளவு இடம் தேவைப்பட்டது. அடுத்த வாரம் ஒரு கிராமத்தின் சர்வே எண்ணைக் கொடுத்து ஓர் அடங்கல் வரிசையை எடுக்க, கணினி எத்தனை பக்கங்களைப் புரட்ட வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)