கவர்னர் கெட்டால் ஃப்ரீசர் கெடும்!

பழவேற்காடு, லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் போன்ற ஏரிக்கரை ஊர்களில் கடை நடத்தும் நம் வணிகர்களுக்கு ஜெனரேட்டரின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது, சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நேரத்தில் ஃப்ரீசரில் உள்ள சரக்கைக் காப்பது ஜெனரேட்டர்தான். ஆனால் அதன் வேகம் தவறினால் அந்த ஃப்ரீசரையே எரித்துவிடும்.

வேகம் ஏன் முக்கியம்?

நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கடைகளில் உள்ள சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் பெரும்பாலும் நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ் வரும். 3600 சுற்றானால் 60 ஹெர்ட்ஸ், ஏ.வி.ஆர். இல்லாத மெஷினில் வோல்டேஜும் ஏறி, பல்பும் மின்னணுத் தராசும் போய்விடும். வேகம் குறைந்தால் வோல்டேஜ் இறங்கி, கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் சூடேறி, காயில் கருகும்.

கவர்னர் எப்படி வேலை செய்கிறது?

இன்ஜினுக்குள் இரண்டு சிறு எடைகள் சுழல்கின்றன. வேகம் கூடினால் அவை வெளியே விரிந்து, ஒரு கம்பி வழியாகக் கார்புரேட்டரின் திராட்டிலை மூடுகின்றன. வேகம் குறைந்தால் எடைகள் சுருங்க, ஸ்பிரிங் இழுத்துத் திராட்டிலைத் திறக்கிறது. ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி இன்ஜினில் பொருத்திய அதே தத்துவம்தான் இது.

நம் மீனவர்களின் படகு டீசல் இன்ஜினிலும் கவர்னர் உண்டு. முகத்துவார அலையில் புரொப்பெல்லர் தண்ணீருக்கு மேலே வந்தால் பளு நொடியில் நீங்கிவிடும். அப்போது டீசலைக் குறைத்து இன்ஜின் வெறிபிடித்து ஓடாமல் தடுப்பது கவர்னரே.

கவனிக்க வேண்டியவை

1. வெளிச்சம் போதவில்லை என்று கவர்னர் ஸ்பிரிங்கை இறுக்கச் சொல்லாதீர்கள். பல மெஷின்கள் கெடுவது இதனால்தான்.

2. ஹெர்ட்ஸ் காட்டும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். பளு இல்லாதபோது 52 அளவிலும், முழுப் பளுவில் 50-ஐ ஒட்டியும் இருந்தால் சரி. பளு ஏறும்போது இந்தச் சிறு இறக்கம் இயல்பானதே.

3. ஃப்ரீசரைப் போட்டதும் சத்தம் ஒரு கணம் தாழ்ந்து உடனே நிமிர வேண்டும். இன்ஜின் ஓயாமல் ஏறி இறங்கினால், முதலில் கார்புரேட்டர் அடைப்பைப் பாருங்கள். பிறகு கம்பி, ஸ்பிரிங் தேய்மானத்தைப் பாருங்கள்.

4. ஏரியின் உப்புக் காற்றில் வெளிக்கம்பியும் ஸ்பிரிங்கும் துருப்பிடித்து இறுகும். மாதம் ஒருமுறை துடையுங்கள். எடைகள் ஆயிலில் ஓடுவதால் ஆயில் அளவையும் பாருங்கள்.

5. மெஷினைக் கிளப்பி வேகம் நிலைத்த பிறகே ஃப்ரீசர் சுவிட்சைப் போடுங்கள்.

இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்களில் பளுவுக்கேற்ப வேகம் மாறுவது இயல்பு. மேற்சொன்ன சுற்றுக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

ஒரு ஸ்பிரிங்கின் விலை அற்பம். கம்ப்ரஸரின் விலையும், அதோடு கெட்டுப்போகும் சரக்கின் விலையும் அப்படியல்ல. மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நாள் ஒதுக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நலம்.