அருவி நடத்தும் பாடம்

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தழுவியதும் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். தென்காசியில் வாழும் நமக்கு அது ஆண்டுதோறும் வரும் திருவிழா. அருவியில் நீராடி மகிழ்கிறோம். பத்தாம் வகுப்பில் நாங்கள் படிக்கும் திசைவேகம், முடுக்கம், விசை, புவியீர்ப்பு ஆகிய நான்கையும் அதே அருவி நமக்குக் கற்றுத் தருகிறது. எப்படி என்று காண்போமா?

முதலில் திசைவேகம். தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். பேருந்து 10 நிமிடத்தில் சென்றால் அதன் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். அத்துடன் 'தென்மேற்கு நோக்கி' என்று திசையையும் சேர்த்துச் சொன்னால் அதுவே திசைவேகம். போகும் பேருந்தும் வரும் பேருந்தும் ஒரே வேகத்தில் ஓடலாம். ஆனால் அவற்றின் திசைவேகம் வேறு வேறு.

திசைவேகம் மாறும் வீதமே முடுக்கம். பேருந்து புறப்படும்போது பின்னே சாய்கிறோம். ஓட்டுநர் பிரேக் போட்டால் முன்னே சாய்கிறோம். நேர்சாலையில் சீராக ஓடும்போது சாய்வதில்லை. எனவே நம் உடல் உணர்வது வேகத்தின் மாற்றத்தையே என அறியலாம்.

முடுக்கத்தை உண்டாக்குவது விசை. நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசையின் அளவு கிடைக்கும் என்பது நியூட்டனின் இரண்டாம் விதி. பூமி பொருள்களைத் தன்பால் இழுக்கும் விசையே புவியீர்ப்பு. இதனால் விழும் பொருளின் வேகம், ஒவ்வொரு விநாடியிலும் விநாடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூடிக்கொண்டே போகும். கனமான பொருளைப் பூமி அதிக விசையுடன் இழுக்கிறது. ஆனால் அதை அசைக்கவும் அந்த அளவு அதிக விசை வேண்டும். ஆகவே காற்றின் தடை இல்லாவிடில் கனமானதும் இலேசானதும் ஒன்றாகவே விழும். 1971-இல் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட் சந்திரனில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒருங்கே கைவிட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன.

இனி பேரருவிக்கு வருவோம். அதன் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். தென்காசிக் கோபுரத்தைவிடச் சற்றே அதிகம். தடையின்றி விழுந்தால் நீர் மூன்றரை விநாடியில் கீழே வந்து, மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் நம் தலையைத் தாக்கும்! அவ்வாறு நிகழாமல் காப்பது இடையே உள்ள பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பாறைக்குழி. மேலிருந்து வரும் சிற்றாற்று நீர் அதில் விழுந்து வேகத்தை இழந்து, பின் பொங்கி வழிகிறது. நம்மீது விழுவது அங்கிருந்து மறுபடியும் புறப்படும் நீரே. பாறையில் மோதி வழிவதாலும் அதன் வேகம் குறைகிறது.

அப்படியானால் வெள்ளத்தில் குளிக்க ஏன் தடை விதிக்கிறார்கள்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 5 லிட்டர் நீர், விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நம் தோளில் விழுந்து நின்றால் விசை 50 நியூட்டன். ஏறத்தாழ 5 கிலோ எடையைச் சுமப்பது போன்றது; தாங்கலாம். அதே வேகத்தில் 50 லிட்டர் விழுந்தால் 500 நியூட்டன். 50 கிலோ அரிசி மூட்டைக்குச் சமம்! வெள்ளம் உருட்டிவரும் கற்களோ இன்னும் கொடியவை. அதே வேகத்தில் விழும் 1 கிலோ கல், விநாடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் தலையில் மோதி நின்றால் 1000 நியூட்டன் விசை உண்டாகும். நிற்கும் நேரம் குறையக் குறைய அடி பலமாகிறது.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்று உயிரைப் பறித்தது. கீழே வெயில் காய்ந்தாலும் மலைமேல் மழை பெய்தால் சிறிது நேரத்தில் வெள்ளம் வந்துவிடும். நீர் கலங்கினாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே வெளியேற வேண்டும். காவலர் விசில் ஊதினால், "இன்னும் ஐந்தே நிமிடம்" என்று கெஞ்சாதீர்கள், தோழியரே! பெற்றோரும் பிள்ளைகளின் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட வேண்டும்.

இயற்பியல் விதிகள் யாருக்காகவும் வளைந்து கொடுப்பதில்லை. அவற்றை அறிந்து நடப்போருக்குக் குற்றாலம் என்றும் இன்பமே தரும்.