மேலே வராத வண்டு

குளத்து நீர்வண்டு மூச்சுக்காக அடிக்கடி மேலே வந்து, இறக்கை ஓட்டுக்கடியில் காற்றை அடைத்துக்கொண்டு முங்கும். ஓடைக் கற்களைப் பற்றி வாழும் எல்மிட் வண்டுக்கு அந்த அலைச்சல் இல்லை. எப்படி? அதன் அடிவயிற்றில் நீர் ஒட்டாத நுண்மயிர்கள் நெருங்கி நிற்கின்றன. இடையே வெள்ளிபோல் மின்னும் காற்றுப்படலம் கலையாமல் தங்குகிறது. வண்டு ஆக்சிஜனை இழுக்க இழுக்க, நீரில் கரைந்திருப்பது படலத்துக்குள் வந்து சேரும். செவுளைப் போர்த்திக்கொண்ட மாதிரிதான்!

சிக்கலும் அங்கேதான். சலசலத்து ஓடும் குளிர்நீரில்தான் ஆக்சிஜன் தாராளம். சாக்கடை கலந்தால் அது குறையும். சோப்புநீர் பட்டால் மயிர்களே நனைந்துபோகும். வண்டல் படிந்தால் கல்லிடுக்கு அடைபடும். இந்த வண்டுகளில் பல, ஒருமுறை பறந்து இடம்பிடித்தபின் மறுபடி பறப்பதில்லை. அதனால் கெட்ட ஓடை தெளிந்தாலும் வண்டு திரும்ப ஆண்டுகள் ஆகலாம்.