ஒளிப்படத் தகட்டில் மீசான் தடங்கள்: பிபா சௌதுரியின் அண்டக்கதிர் ஆய்வு

திறவுச்சொற்கள்: அண்டக்கதிர், மீசான், பையான், ஒளிப்படப் பால்மம், பிபா சௌதுரி

மீசானின் நிறையை ஒளிப்படத் தகட்டைக் கொண்டு கணிக்கும் முறையொன்றை 1941இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஒரு சிறு அறிக்கை முன்வைத்தது. அதனை எழுதியோர் கொல்கத்தா போஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தேவேந்திர மோகன் போஸும் அவருடைய மாணவி பிபா சௌதுரியும் (1913–1991) ஆவர். ஆறாண்டுகள் கழித்து, ஒளிப்படப் பால்மத்தைப் பயன்படுத்தியே பிரிஸ்டல் நகரில் செசில் பவல் குழுவினர் பையானைக் கண்டறிந்தனர். 1950இல் பவலுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்துக் 'கைநழுவிய நோபல்' என்றே சௌதுரியின் பணி இன்று பெரிதும் பேசப்படுகிறது. அவர் உண்மையில் செய்ததை அப்பேச்சு மறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தகட்டின் மேற்பூச்சான பால்மத்தில் வெள்ளி புரோமைடு மணிகள் நிறைந்துள்ளன. மின்னேற்றம் பெற்ற துகளொன்று அதன் வழியே செல்லும்போது, பாதையிலுள்ள மணிகள் சில அயனியாக்கத்தால் தூண்டப்படுகின்றன. தகட்டை உருத்துலக்கியபின் அவை கரும்புள்ளிகளாக, ஒரு தடமாக, நுண்ணோக்கியில் தெரியும். துகளின் வேகம் குறையக் குறையப் புள்ளிகள் நெருங்கும். எனவே புள்ளிகளின் இடைவெளி வேகத்தைக் காட்டும். மேலும், பால்மத்திலுள்ள அணுக்கருக்களின் மின்புலத்தால் துகள் இடையறாது சிறிதுசிறிதாகத் திசைமாறுகிறது. ஒரே வேகத்தில் செல்லும் இரு துகள்களுள் நிறை குறைந்ததே மிகுதியாக வளையும். ஆகவே, இடைவெளியையும் வளைவையும் ஒருங்கே அளந்தால் நிறையை மதிப்பிடலாம். காந்தப்புலமோ, முகிற்கூடம் போன்ற பெருங்கருவியோ இதற்குத் தேவையில்லை. போரால் கருவிகள் அரிதாகியிருந்த காலத்தில் இஃது எத்துணைப் பெரிய வசதி என்பதை எளிதில் உணரலாம்.

தகடுகள் டார்ஜிலிங் (சுமார் 2,100 மீட்டர்), சந்தக்பூ (3,600 மீட்டருக்கு மேல்), திபெத்தின் பாரி (4,300 மீட்டருக்கு மேல்) ஆகிய உயரமான இடங்களில் நீண்ட காலம் வைக்கப்பட்டன. உயரம் ஏறுமளவுக்குக் கதிர்களை உறிஞ்சும் வளிமண்டலம் மெலிகிறது என்பதே இதற்குக் காரணம். அவ்வாறு பெற்ற தடங்களை அளந்து, அவற்றுள் பல புரோட்டானைவிட மிக இலேசான துகள்களுடையவை என்றும், அவற்றின் சராசரி நிறை எலெக்ட்ரான் நிறையைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு என்றும் இருவரும் கணித்தனர்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. இன்று நாம் அறிந்தபடி மியுவானின் நிறை 207 மடங்கு; பையானின் நிறை 273 மடங்கு. 1941இலோ, யுகாவா 1935இல் முன்மொழிந்த துகளும் அண்டக்கதிர்களில் 1936–37இல் காணப்பட்ட துகளும் ஒன்றே என்ற எண்ணம் பரவலாக இருந்தது. எனவே 200 என்ற எண் புதிய துகளொன்றைச் சுட்டவில்லை. அறிந்த துகளை உறுதிசெய்வதாகவே தோன்றியது. அவர்கள் பயன்படுத்திய 'ஹாஃப்டோன்' தகடுகளில் தடமொன்றுக்குக் கிடைத்த புள்ளிகளும் குறைவு. அதனால் கணிப்பின் பிழையெல்லை அகன்றே இருந்தது. இரு மீசான்களைப் பிரித்தறிய வேண்டுமாயின், பையான் நின்று சிதைந்த புள்ளியையும், அங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 600 மைக்ரான் ஓடி நிற்கும் மியுவானையும் ஒரே தகட்டில் காண வேண்டும். 1947இல் பவல் குழுவினர் கண்டது அதுவே.

போரினால் இந்தியாவில் 'ஃபுல்டோன்' தகடுகள் கிடைக்காமற்போனதே இழப்புக்குக் காரணம் என்பர். இது பாதி உண்மையே. பிரிஸ்டல் குழுவின் கண்டுபிடிப்புக்கு உதவிய, வெள்ளி புரோமைடு செறிந்த பால்மத்தை இல்ஃபோர்டு நிறுவனம் உருவாக்கியது 1946 அளவில்தான். கொல்கத்தாவில் மட்டுமன்று, 1941இல் உலகின் எந்த ஆய்வகத்திலும் அது இல்லை.

பின்னர் சௌதுரி மான்செஸ்டரில் பேட்ரிக் பிளாக்கெட்டின் ஆய்வகத்தில் விரிந்த காற்றுப் பொழிவுகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் பெண் ஆய்வாளரும் அவரே. கோலார் தங்கச் சுரங்க ஆய்வுகளிலும் பங்கேற்றார். அவர் பெயர் வெளியீடுகளில் பலவாறாக எழுதப்பட்டுள்ளமையால் கட்டுரைகளைத் தொகுப்பது இன்றும் எளிதன்று.

அவருக்குரிய இடத்தைத் திட்டமாகக் குறித்தவர்களுள் பவலும் ஒருவர். ஃபவுலர், பெர்க்கின்ஸ் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1959இல் வெளியிட்ட நூல், போஸ்–சௌதுரி முறையின் இயற்பியல் அடிப்படை சரியானது என ஏற்கிறது. பால்மத்தில் சிதறலை அளந்து துகளின் உந்தத்தை அறியும் முறைக்கு அவர்களின் பணியே முதல் அணுகுமுறை என்றும் அந்நூல் பதிவுசெய்கிறது.