சிவப்பு எழுத்து மிரட்டினால் பயப்படாதீர்கள்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சமையற்கட்டை ஒழித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதுகிற மாதிரி எங்கள் ஷேர், மியூச்சுவல் ஃபண்டு கணக்கையும் ஒரு சாஃப்ட்வேரில் நான்தான் எழுதி வருகிறேன். மகளின் காலேஜ் ஃபீஸுக்காக 25 இன்ஃபோசிஸ் ஷேர்களை விற்றிருந்தோம். அதைப் பதிந்ததுதான் தாமதம், சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை: 'கையிருப்பைவிட அதிகம் விற்றிருக்கிறீர்கள். இருப்பு மைனஸ் 5.'

எனக்குப் பகீரென்றது. 2017-ல் என் சிறுவாட்டுப் பணத்தில் வாங்கியது 20 ஷேர்தான். இல்லாத ஷேரை எப்படி விற்க முடியும்?

"ஏங்க, தப்பா ஏதாவது வித்துட்டீங்களா?" என்றேன்.

"நீதான் தப்பா அடிச்சிருப்பே. இன்னும் அஞ்சு ஷேர் வாங்கினதா போட்டுட்டுப் போயேன், சிவப்பு போயிடும்" என்றார் என்னவர், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

மனசு கேட்கவில்லை. பால் கணக்கு இடித்தால், வாங்காத அரை லிட்டரை எழுதியா சரிக்கட்டுகிறோம்?

நம் ஷேர்கள் உண்மையில் இருக்கும் இடம் டீமேட் கணக்கு. சாஃப்ட்வேர் வெறும் நோட்டுப் புத்தகம். நாம் எழுதினது மட்டும்தான் அதற்குத் தெரியும். டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்ற இரண்டு டெபாசிட்டரிகளிலிருந்து நம் ஈ-மெயிலுக்கு மொத்தக் கணக்கு அறிக்கை வரும். அதைத் திறந்து பார்த்தேன். விற்பதற்கு முன் இருப்பு 40!

விஷயம் இதுதான். 2018 செப்டம்பரில் அந்தக் கம்பெனி ஒன்றுக்கு ஒன்று போனஸ் ஷேர் கொடுத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்காததால் ரசீது இல்லை, நானும் எழுதவில்லை. 'போனஸ்' என்ற இடத்தில் 20 ஷேர், விலை பூஜ்யம், கணக்கில் சேர்ந்த தேதி என்று பதிந்தேன். சிவப்பு மறைந்தது. மீதி 15, அறிக்கையிலும் அதே 15.

அவர் சொன்னபடி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? இருப்பு பூஜ்யமாகி, மீதி 15 ஷேர் எங்கள் நோட்டிலிருந்தே காணாமல் போயிருக்கும்! வரிக் கணக்கும் தப்பாகியிருக்கும். முதலில் வந்த ஷேர்தான் முதலில் விற்றதாகக் கணக்கு. அந்த வகையில் விற்ற 25-ல் 5 போனஸ் ஷேர். அதற்கு வாங்கின விலை பூஜ்யம். பொய் விலை போட்டால் லாபம் குறைத்துக் காட்டும்.

அன்றைக்கே மற்ற எச்சரிக்கைகளையும் ஒரு கை பார்த்துவிட்டேன். உங்களுக்கும் உதவும்.

திடீர் நஷ்டம்: 2021 அக்டோபரில் ஐ.ஆர்.சி.டி.சி. ஷேர் ஒன்று ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. ஒரு தோசையை ஐந்து துண்டாக்கின மாதிரி. விலை ஐந்தில் ஒரு பங்காகும்; எண்ணிக்கையை மாற்றாவிட்டால் 80 சதவிகித நஷ்டம் போலத் தெரியும். இதைப் போனஸ் என்று எழுதாமல் 'ஸ்ப்ளிட்' என்றே எழுதுங்கள். இதில் பழைய விலை ஐந்துக்கும் பிரியும். வாங்கின தேதி மாறாது.

ஒரே தவணை இரண்டு முறை: பாங்க் பாஸ்புக்கில் ரூ.5,000, ஃபண்டு அறிக்கையில் ரூ.4,999.75. அந்த 25 பைசா, 2020 ஜூலை முதல் பிடிக்கப்படும் 0.005 சதவிகித முத்திரைத் தீர்வை. தொகை வேறாக இருப்பதால் சாஃப்ட்வேர் இரண்டு தவணை என்று நினைத்துக்கொள்ளும். யூனிட் எண்ணிக்கை உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள்.

வாங்கும் முன்பே விற்பனை: 08/03 என்றால் நமக்கு மார்ச் 8, அமெரிக்க வழக்கப்படி ஆகஸ்ட் 3. மார்ச் 8-ல் வாங்கி ஜூன் 3-ல், அதாவது 03/06 அன்று விற்றால், ஆகஸ்டில் வாங்கியதை மார்ச்சிலேயே விற்றதாகச் சாஃப்ட்வேர் புரிந்துகொள்ளும்! தேதி முறையை மாற்றினால் போதும்.

எந்த எச்சரிக்கை வந்தாலும் முதலில் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். நோட்டு தப்பு என்றால் நிதானமாகத் திருத்தலாம். அறிக்கையிலேயே ஷேர் குறைந்திருந்தால் மட்டும் தாமதிக்காமல் புரோக்கருக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

"பதினஞ்சு ஷேர் மிச்சம் இருக்குங்க" என்றேன். என்னவர் இப்போது பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்!